பழத்தோட்டத்தில் இரண்டு அரை ஆட்கள்

என் வலது தோள் இனிப் பழையபடி வராது என்று வைத்தியர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாக முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்தி, திருப்பிப் படுக்க வைத்து, குளிக்க வார்த்த தோள் அது. தூக்குவதற்கு இயந்திரம் இருந்ததுதான். ஆனால் கண்முன்னே ஒருவர் சரியும்போது யாரும் இயந்திரத்தைத் தேடிக்கொண்டு ஓடுவதில்லை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கை தோள் உயரம் வரை வந்தது. அதற்கு மேல் போகவில்லை. சீப்பை இடது கையால் பிடித்துத் தலை இழுக்கப் பழகிக்கொண்டேன்.

இந்த டென்மார்க்கில் உனக்கு இனி ஏலாது, வீட்டில் இரு என்று யாரும் இலேசில் சொல்லிவிட மாட்டார்கள். எவ்வளவு ஏலும் என்று அளந்து பார்ப்பார்கள். அதற்காக வாரத்தில் சில மணித்தியாலங்கள் எங்காவது அனுப்புவார்கள். அது சம்பள வேலை அல்ல. ஒருவகைப் பரீட்சை. ஏலும் என்று முடிவானால் வேலைக்கு அனுப்புவார்கள், ஏலாது என்றால் ஓய்வூதியம் தருவார்கள். நான் வளர்ந்த பிறகு எழுதிய பரீட்சைகளில், சித்தியடைவதா தவறுவதா நல்லது என்று எனக்கே தெரியாமல் போனது அது ஒன்றுதான்.

கொம்யூன் என்று இங்கே சொல்லும் நகரசபையில் என் விடயத்தைக் கவனிக்கும் பெண்ணுக்கு என் மூத்த மகளின் வயதுதான் இருக்கும். மரியாதையான பிள்ளை. "ஒரு பழைய பழத்தோட்டம்," என்றாள். "பல வருடமாக யாரும் கவனிக்கவில்லை. அதைத் திருத்தி எடுக்கிறார்கள். வெளியே நல்ல காற்று. உங்களுக்குப் பிடிக்கும்."

எங்கள் நாட்டில் இருந்து வந்தவர்கள் எல்லோரும் கமக்காரர் என்று நினைத்திருப்பாள். நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் சீமெந்து முற்றம். மரங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் சரி என்று தலையாட்டினேன். வேறு என்ன சொல்ல?

தோட்டம் ஊருக்கு வெளியே, பழைய பாதிரியார் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பஸ்ஸில் இறங்கி வயல் ஓரமாக நடக்க வேண்டும். மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு அந்தப் பக்கத்தில் மறைப்பே கிடையாது. நான் முதலில் போனது பெப்ரவரி மாதம். மழை என்றும் சொல்ல முடியாத, பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பழத்தோட்டம் என்று காட்டிய இடத்தில் மரங்களைத் தேட வேண்டியிருந்தது. ஆளுயரத்துக்கு முட்பற்றை. அதற்குள் சாம்பல் நிறப் பாசி படர்ந்த தண்டுகள். சில மரங்கள் சரிந்து, நிலத்தில் முழங்கையை ஊன்றியபடி கிடந்தன. எல்லாக் கொப்பும் எல்லாப் பக்கமும் போய் ஒன்றோடு ஒன்று சிக்கியிருந்தன. பின்னி விட்டு வாரக்கணக்காக அவிழ்க்காத தலைமயிர்தான் நினைவுக்கு வந்தது.

வேலையை நடத்திய பெண் ஒரு தோட்டக்கலைஞர். உயரமானவள், அறுபதை நெருங்கியவள், எந்தக் குளிருக்கும் தொப்பி போடாதவள். அவள் எங்கள் இரண்டு பேருக்கும் வேலையைச் சொல்லித் தந்தாள். இரண்டு பேர் என்றது என்னையும், எனக்கு ஒரு மாதம் முன்னதாக வந்து சேர்ந்திருந்த ஒரு தமிழரையும்தான்.

அவரை எனக்கு முகத்தால் தெரியும். தமிழ்க் கடையில், செத்தவீடுகளில் கண்டிருக்கிறேன். பெந்தெகொஸ்தே சபைக்காரர் என்பதால் எங்கள் கோவில் பக்கம் வருவதில்லை. அதனால் ஒரே ஊரில் இவ்வளவு காலம் இருந்தும் கதைத்ததில்லை. பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்து வெட்டும் வரிசையில் நின்றவர். இரண்டு கை விரல்களும் மரத்துப்போய்விட்டன. தேநீர்க் கோப்பையை உள்ளங்கைகளுக்கு இடையில் வைத்துத்தான் தூக்குவார்.

என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, உங்களுக்கு எது பழுது?" என்பதுதான்.

"தோள், அண்ணை. கை மேலே போகாது."

"எனக்குக் கை மேலே போகும். பிடிக்க ஏலாது." கொஞ்சம் யோசித்தார். "அப்ப ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு ஆள் வரும்."

அவர் அதைப் பகிடிக்குச் சொன்னார். ஆனால் வேலை அப்படித்தான் நடந்தது. நீண்ட தடி ஒன்றின் நுனியில் கொளுக்கி இருந்தது. அதை அவர் முழங்கை மடிப்பில் செருகி, உயரத்தில் உள்ள கொப்பில் கொளுவி, உடம்பைச் சாய்த்துக் கீழே இழுப்பார். கொப்பு என் இடுப்பளவுக்கு வளைந்து வரும். நான் கத்தரியால் வெட்டுவேன். வெட்டினதும் மிச்சக் கொப்பு விசுக்கென்று மேலே போகும். அதோடு பாசியும் தண்ணீரும் எங்கள் இருவர் தலையிலும் கொட்டும். "பொறுங்கோ, பொறுங்கோ, நான் இன்னும் பிடிக்கேல்லை" என்று அவர் கத்துவதும், "விடாதேங்கோ அண்ணை" என்று நான் கத்துவதுமாக அந்த மாசி, பங்குனி போயிற்று.

ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டக் கூடாது என்று தோட்டக்கலைஞர் திரும்பத் திரும்பச் சொல்வாள். கிழட்டு மரத்தை ஒரே வருடத்தில் மொட்டையடித்தால் அது பயந்துபோய் நூற்றுக்கணக்கில் நெட்டைக் குருத்துகளை விடும், காய்க்காது. செத்ததையும் நோய் பிடித்ததையும் முதலில் எடு. பிறகு ஒன்றோடு ஒன்று உரசுவதை. மிச்சம் அடுத்த வருடம். அதற்கடுத்த வருடமும். எங்களுக்கு இது ஒத்துவந்தது. நாங்களும் அதற்கு மேல் செய்யக் கூடியவர்கள் அல்ல.

அந்த நாட்களின் களைப்பைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலை என்னவோ ஒரு தடவைக்கு இரண்டு, இரண்டரை மணித்தியாலம்தான். வீட்டுக்கு வந்தால் சப்பாத்தைக் கழற்றக் குனிய முடியாது. கதவடி வாங்கில் குளிர் யக்கெற்றைக்கூடக் கழற்றாமல் இருப்பேன். தோளுக்குள் ஒரு பல் கொதிப்பது போல இருக்கும். கணவர் சோறு போட்டுக்கொண்டு வந்து தருவார். அவருக்கு என்னில் இரக்கம், கோபம் இரண்டும்.

"இப்பிடி வருத்தப்பட்டு ஆருக்குக் காட்டப்போறீர்? ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லும்."

"சொன்னனான்தானே."

"சொல்லிப் போட்டு அங்கை போய் வெட்டிக்கொண்டு நிண்டால் ஆர் நம்புவினம்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தோட்டத்து அண்ணையும் அதையேதான் வேறு விதமாகச் சொன்னார். ஒரு நாள் நான் ஒரு மரத்தின் அடியில் படர்ந்த முட்பற்றையை விறுவிறு என்று வெட்டிக்கொண்டு போகிறேன். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார். சுற்றிவர ஒரு சனமும் இல்லை. இருந்தாலும் யாருக்கும் தமிழ் தெரியாத அந்த வெளியில் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, ஆறுதலாச் செய்யுங்கோ. கெதியாச் செய்தால் ஏலும் எண்டு எழுதிப் போடுவினம்."

"ஆறுதலாச் செய்தால் பொய் எல்லே அண்ணை?"

"பொய் இல்லை. நீங்கள் இண்டைக்குக் கெதியாச் செய்யிறதுதான் பொய். நாளைக்குப் படுத்துக் கிடக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது."

முதியோர் இல்லத்தில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர். மற்றவர்கள் இரண்டு பேரைக் குளிப்பாட்டும் நேரத்தில் நான் மூன்று பேரைக் குளிப்பாட்டி முடிப்பேன். மெதுவாகச் செய்வது எப்படி என்று எனக்கு யாரும் படிப்பித்ததில்லை. அந்த வயதில் அதைப் பழகுவது வெட்டுவதைவிடக் களைப்பாக இருந்தது. ஒவ்வொரு கொப்பையும் வெட்டும்போது, இதைக் கூடச் செய்கிறேனா, குறையச் செய்கிறேனா என்று யோசனை. வெளியே சொந்தக்காரர்களிடம் ஏதோ பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்களுக்குத் தோள் வருத்தம் எண்டு கேள்விப்பட்டன், பார்த்தா ஒண்டும் தெரியேல்லை, நல்ல வடிவா இருக்கிறியள்" என்றாள். அவள் நல்லதாகத்தான் சொன்னாள்.

மே மாதத்தில் மரங்கள் பூத்தன. எல்லாம் அல்ல. சிலது பாதிப் பக்கம் மட்டும் பூத்தது. நாங்கள் வெட்டின இடங்களில் இலை வந்தது. மத்தியானம் பாதிரியார் வீட்டுக் கொட்டிலுக்குள் இருந்து சாப்பிடுவோம். அண்ணை கண்ணை மூடிச் செபம் செய்து முடிக்கும் வரைக்கும் நான் பெட்டியைத் திறக்காமல் காத்திருப்பேன். ஒருநாள் அவர் கண்ணைத் திறந்து, "நீங்கள் சாப்பிடுங்கோ, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்" என்றார். அதன் பிறகும் நான் காத்திருந்தேன். யூலையில் விழுந்த பச்சை அப்பிள்களைப் பொறுக்கிக்கொண்டு போய், மாங்காய்க் கறி மாதிரிக் காய்ச்சி அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். வாயில் வைத்துவிட்டு, "புளி காணும், உப்புக் காணாது" என்றார். ஆனால் பெட்டியை வழித்துத்தான் திருப்பித் தந்தார்.

அங்கே ஒரு பெரிய பிளம்ஸ் மரம் இருந்தது. அதை நாங்கள் தொடவில்லை. பிளம்ஸைக் குளிர்காலத்தில் வெட்டினால் காயத்தால் நோய் உள்ளே போய்விடும், கோடையில்தான் வெட்ட வேண்டும் என்று தோட்டக்கலைஞர் சொல்லியிருந்தாள். அந்த வருடம் அது பைத்தியம் பிடித்தது மாதிரிக் காய்த்தது. காயைப் பிஞ்சிலேயே கிள்ளி ஐதாக்கியிருக்க வேண்டும். என் கை எட்டவில்லை. அவர் விரலுக்குப் பிஞ்சு பிடிபடவில்லை. தோட்டக்கலைஞருக்கு வேறு இரண்டு இடங்களில் வேலை. ஓகஸ்ட் கடைசியில் கொப்புகள் நிலம் முட்டத் தொங்கின.

காற்று பலமாக அடிக்கும் என்று வானொலியில் சொன்ன ஒரு நாள், தோட்டக்கலைஞர் காய்ச்சலில் வரவில்லை. நாங்கள் இருவரும்தான். ஒரு சத்தம் கேட்டது. கதவு மெல்லத் திறக்கிற மாதிரி. போய்ப் பார்த்தால், பிளம்ஸ் மரத்தின் பெரிய கிளை, மரத்தில் பாதி என்றே சொல்லலாம், தண்டிலிருந்து பிரியும் கவர்ப்பகுதியில் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே சிவப்பாக ஈரமாகத் தெரிந்தது.

"விடுங்கோ, அது முறியப் போகுது," என்றார் அண்ணை.

"முட்டுக் குடுத்தால் நிக்கும் அண்ணை."

"ஆர் குடுக்கிறது? நானோ நீங்களோ?"

கேட்டுவிட்டு அவரே கொட்டிலுக்குள் போனார். பலகை ஒன்றை இரண்டு முன்கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார். லொறிகளில் சாமான் இறுக்கும் பட்டி ஒன்று சுவரில் தொங்கியது, அதை நான் எடுத்தேன். அவர் கிளைக்கு அடியில் போய்த் தோளைக் கொடுத்து நிமிர்ந்தார். அவருடைய தோள் நல்ல தோள். கிளை கொஞ்சம் எழும்பியது. பலகையைக் காலால் தள்ளி நான் அடியில் நிறுத்தினேன். பட்டியைத் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து பிளவுக்கு மேலால் போட வேண்டும். என் தலைக்கு மேல் ஒரு முழம்.

"கெதியா, தங்கச்சி. எனக்கு இடுப்பு விடுது."

எப்படிப் போட்டேன் என்று தெரியாது. இடது கையால் வலது முழங்கையைப் பிடித்துத் தூக்கினேன். ஏதோ உள்ளே கிழிந்த மாதிரி இருந்தது. பட்டி பிளவுக்கு மேலால் போய் விழுந்தது. இழுத்து, பூட்டி, கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டி இறுக்கினேன். பிளவு மூடிக்கொண்டு வந்தது. பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று இருவருமாகப் பழத்தைப் பறிக்கத் தொடங்கினோம். பறித்தோம் என்று சொல்ல முடியாது. அவர் கொளுக்கியால் உலுப்பினார், நான் சாக்கை விரித்துப் பிடித்தேன். குளவிகள் சுற்றிவர. இருவரும் அழுக்கும் பழச்சாறும்.

அப்போதுதான் கொம்யூன் பெண் வாசலில் வந்து நின்றாள். அன்று அவள் வருவதாகச் சொல்லியிருந்தது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. மழைக்கோட்டோடு நின்று எங்களைப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கொட்டில் படியில் வைத்துவிட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் சாக்கின் மற்ற நுனியைப் பிடித்தாள். அவளும் கொஞ்ச நேரம் எங்களோடு நின்று பொறுக்கினாள். போகும்போது ஒரு பை நிறையப் பிளம்ஸ் கொடுத்துவிட்டோம்.

அவள் கார் போனதும் அண்ணை படியில் இருந்தார். "சரி," என்றார். "எங்கட கதை முடிஞ்சுது."

அன்றிரவு காற்று அடித்தது. கிளை நின்றது. நான் நாலு நாள் கட்டிலை விட்டு எழும்பவில்லை. கணவர் என்னோடு கதைக்கவே இல்லை, சுடுதண்ணிப் பையை மட்டும் மாற்றி மாற்றி வைத்தார். ஓகூஸ் நகரத்தில் இருக்கும் மகள் தொலைபேசியில் டேனிஷில் கேட்டாள், "அம்மா, ஒரு மரத்துக்காகவா?" நான் தமிழில், "ஓம்" என்றேன்.

அடுத்த சந்திப்பில் கொம்யூன் பெண் சிரித்துக்கொண்டே வரவேற்றாள். "அன்று உங்களைப் பார்த்தது எனக்கு மிகவும் சந்தோஷம். உங்களிடம் இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை."

"பிறகு நாலு நாள் படுக்கையில் கிடந்தேன்," என்றேன். வீட்டிலேயே டேனிஷில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போன வசனம் அது.

"அதையும் சேர்த்து எழுதுகிறேன்," என்றாள். எழுதினாள். அவளில் பிழை இல்லை. அவள் கண்டதையும் எழுதினாள், நான் சொன்னதையும் எழுதினாள். ஒருவர் கண்ணால் கண்டதற்கும் இன்னொருவர் வாயால் சொல்வதற்கும் நிறை ஒன்றல்லவே. என் பரீட்சையை இன்னொரு குளிர்காலத்துக்கு நீடித்தார்கள். மணித்தியாலங்களும் கூடின.

அண்ணைக்கு அப்படி நடக்கவில்லை. விரல்களுக்குள் நரம்பு செத்தது ஆஸ்பத்திரிப் பரிசோதனைப் படத்தில் தெரியும். மார்கழியில் அவருக்கு ஓய்வூதியம் சரி வந்தது. தோட்டத்துக்குக் கடைசியாக வந்த அன்று மனைவி செய்த கேக் கொண்டுவந்தார். எனக்கும் தோட்டக்கலைஞருக்கும் வெட்டித் தந்தார். அவர் கத்தியைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைகளாலும் அமத்தி வெட்டியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஓய்வூதியம் எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற எண்ணம்தான் அந்த நேரத்திலும் வந்தது. இப்படி ஒரு மனம். "தங்கச்சி, உங்களுக்கும் சரிவரும், நான் செபத்திலை சொல்லுறன்" என்றார். நான் கேக்கைச் சாப்பிட்டேன்.

அந்த இரண்டாம் குளிர்காலம் நீளமானது. கொப்பை வளைத்துத் தர ஆள் இல்லை. தோட்டக்கலைஞர் ஏணியில் ஏறி மேலே வெட்டுவாள், நான் கீழே விழுந்ததை இழுத்துக் குவிப்பேன். அவளும் களைத்துத்தான் இருந்தாள். ஒருநாள் கொட்டிலுக்குள் கோப்பியை ஊற்றிக்கொண்டே, "எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன, யாரிடமும் சொல்லவில்லை" என்றாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னால் என்னையும் இங்கே மரம் வெட்ட அனுப்புவார்கள்" என்றாள். அன்று இருவரும் கோப்பி ஆறும்வரை சிரித்தோம்.

இளவேனிலில் என் விடயமும் முடிந்தது. ஓய்வூதியம் இல்லை. வாரத்தில் கொஞ்ச மணித்தியாலம், உடம்புக்குத் தக்க வேலை. பழைய முதியோர் இல்லத்திலேயே துவாய்களும் படுக்கை விரிப்புகளும் மடிக்கும் அறையில் இடம் கிடைத்தது. மேசை இடுப்பளவு. கதிரை உண்டு. அவசரப்பட்டு ஓடத் தேவையில்லை. ஆனாலும் முடித்துவிட்டு வந்தால் சோபாவில் விழுவேன். களைப்பு எங்கேயும் போய்விடவில்லை. அதற்கு இப்போது ஒரு பெயரும் நேர அட்டவணையும் இருக்கின்றன, அவ்வளவுதான். அண்ணையோடு சில மாதங்கள் நான் கதைக்கவில்லை. பிறகு அவரே தொலைபேசி எடுத்தார். "என்ன தங்கச்சி, கோவமே?" என்றார். "இல்லை அண்ணை, அலுப்பு" என்றேன். "அலுப்பெண்டால் சரி" என்றார். இப்போது இடைக்கிடை கதைப்போம்.

போன செப்ரெம்பரில் ஒரு சனிக்கிழமை தோட்டத்தைத் திறந்து வைத்து, யாரும் வந்து அப்பிள் பொறுக்கலாம் என்று தோட்டக்கலைஞர் செய்தி அனுப்பியிருந்தாள். கணவர்தான் போவம் என்றார். அவ்வளவு காலமும் அவர் அந்த இடத்தைக் கண்டதில்லை. போனோம். முட்பற்றை இருந்த இடத்தில் புல் வெட்டியிருந்தது. சனம் பெட்டிகளோடு திரிந்தது. பிளம்ஸ் மரத்தைப் போய்ப் பார்த்தேன். பாதி மரம்தான் நின்றது. நாங்கள் கட்டிக் காப்பாற்றிய கிளைக்குள் நோய் இறங்கிவிட்டதாம். அந்தக் கோடையில் அறுத்து எடுத்துவிட்டார்கள். வெட்டின இடம் வட்டமாக, வெளிறிப்போய் இருந்தது. தோட்டக்கலைஞர் தூரத்தில் இருந்து கையைக் காட்டினாள், பிறகு கிட்ட வந்து, "மற்றப் பாதி நன்றாக இருக்கிறது" என்றாள். நான் தலையாட்டினேன். எனக்குப் பெரிதாகக் கவலை வரவில்லை. கவலைப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

கணவர் அப்பிள் மரங்களுக்கு இடையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். ஒரு மரத்துக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்த்தார்.

"இதிலை எது நீர் வெட்டினது?"

நானும் பார்த்தேன். தேடிப் பார்த்தேன். வெட்டின வாய்களைச் சுற்றித் தோல் உருண்டு வந்து மூடியிருந்தது. சிலதில் புதுக் கொப்பு வந்து மறைத்திருந்தது. எது நான் வெட்டியது, எது அதற்குப் பிறகு வந்தவர்கள் வெட்டியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"தெரியேல்லை," என்றேன்.

அவர் ஒரு அப்பிளைப் பிடுங்கிக் காற்சட்டையில் துடைத்துக் கடித்தார். முழுவதையும் தின்று முடித்தார். பிறகு இன்னொன்று பிடுங்கினார். ஒரு பெட்டி எடுத்துவரட்டுமா என்று கேட்டார். எடுங்கோ என்றேன். அவர் பெட்டியை நிரப்பும்வரை நிற்க ஏலாமல் நான் காருக்குள் போய் இருந்தேன். இருக்கையைச் சாய்த்தேன். வெயில் கண்ணாடியால் மடியில் விழுந்தது. அவர் எப்போது வந்தார், பெட்டியை எப்போது பின்னால் வைத்தார், எந்தப் பாதையால் வந்தோம் என்று எனக்குத் தெரியாது. கண் முழித்தபோது கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. அவர் ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடி, என்னை எழுப்பாமல் காத்திருந்தார்.